கட்டிக்குள் கருநீலப் புள்ளிகள்

லேப் வாசலிலேயே கவரைப் பிரித்துவிட்டேன். டாக்டரிடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று கவுன்டரில் இருந்த பெண் சொல்லித்தான் கொடுத்தாள். என்ன செய்ய? கைக்கு ஒரு படம் வந்தால் பார்க்காமல் இருக்க முடியாத வேலை என்னுடையது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்புக் கம்பெனியில் நான் ஃபிலிம் படிக்கிறவன். சினிமா ஃபிலிம் இல்லை. பம்புக்கும் வால்வுக்கும் இரும்பை உருக்கி வார்த்து எடுக்கிறோம். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். உள்ளே ஓட்டை விழுந்திருக்கிறதா, கசடு மாட்டியிருக்கிறதா என்று தெரியாது. அதனால் மனிதனுக்கு எடுக்கிற மாதிரியே அதற்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை வெளிச்சப் பெட்டிமேல் வைத்து, புள்ளி புள்ளியாகப் பார்த்து, இது போகலாம், இது போகக் கூடாது என்று சொல்ல வேண்டியது நான். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஹெல்பராக உள்ளே போய், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, பிறகு பரீட்சையும் எழுதிப் பாஸ் செய்தேன். என்னோடு உட்கார்ந்து ஃபிலிம் பார்க்கும் நண்பர் ஒருவர் உண்டு. "இரும்பு கமுக்கமா கீதுபா, ஃபிலிம்தான் போட்டுக் குடுத்துடுது" என்பார். யார் எதைச் சொன்னாலும் எனக்கு மனசில் ஒட்டிக்கொள்ளும். இதுவும் ஒட்டிக்கொண்டது.

எங்கள் வழக்கப்படி, ஒன்றிரண்டு கறுப்புப் புள்ளி தள்ளித் தள்ளி இருந்தால் பாதகமில்லை. கொத்துக் கொத்தாக இருந்தால், அதுவும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இருந்தால், பேச்சே இல்லை. சிவப்புப் பெயின்ட் ஒரு இழுப்பு. திரும்ப உலைக்கு.

கவருக்குள் இருந்தது என் மனைவியின் ரிப்போர்ட்.

அவளுக்கு இடது மார்பில் கட்டி. ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, கேன்சர் என்று முதல் ரிப்போர்ட்டிலேயே சொல்லிவிட்டார்கள். எந்த வகை, எவ்வளவு மோசம் என்று அறிய அதே துணுக்கை இன்னொரு பெரிய லேபுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வந்ததுதான் இது. நான்கைந்து பக்கம் இங்கிலீஷ். கடைசிப் பக்கத்தில் கலர் படம். மைக்ரோஸ்கோப்பில் வைத்து எடுத்தது. வெளிர் சிவப்பில் ஏதோ மேகம் மாதிரி. அதன்மேல் கருநீலப் புள்ளிகள். சின்னச் சின்னதாக, உருண்டையாக, கடுகைக் கொட்டிவிட்ட மாதிரி. கொத்துக் கொத்தாக. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.

எழுத்தை நான் படிக்கவில்லை. படிக்க என்ன இருக்கிறது? படத்தைப் பார்த்துவிட்டேனே.

பயம் என்றால் நெஞ்சு படபடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாயில் வந்தது. சுத்தமாக எச்சில் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பஸ் கண்டக்டரிடம் ஊர்ப் பேரைச் சொல்ல முடியாமல் கையைக் கையைக் காட்டினேன். "வாயத் தொறந்து சொல்லுப்பா, முத்தா உதுந்துடும்?" என்றார் அவர். மற்ற நாளாக இருந்தால் அந்தப் பேச்சை ரசித்து வீட்டில் வந்து சொல்லியிருப்பேன். அன்றைக்கு லாரிகளுக்கு நடுவே பஸ் நகராமல் நின்றபோதெல்லாம், நிற்கட்டும், வீடு வரவே வேண்டாம் என்று இருந்தது.

வீடு ரயில் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம். வீட்டு முன்னாலேயே ஷீட் இறக்கி என் மனைவி நாஷ்டா கடை வைத்திருக்கிறாள். ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் பீகார், ஒடிசா ஆட்கள் வந்து மொய்ப்பார்கள். அவர்களிடம் அவள் பேசுகிற இந்தியை எந்த இந்திக்காரரும் இதுவரை திருத்தியதில்லை. சாப்பாடு கிடைக்காது என்கிற பயமாக இருக்கலாம். நான் போய்ச் சேர்ந்தபோது, சட்னியை அள்ளிக்கொண்ட ஒருவனை அதட்டிக்கொண்டிருந்தாள். "பையா, சட்னி கம் லேலோ, பின்னாடி ஆதமி கீறான் பாரு." பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாயா, பேப்பர் வாங்கினியா?"

"வாங்கினேன்."

"இன்னா போட்டுக்கீறான்?"

"டாக்டர்தான் சொல்லணும்."

"இரும்பு வயித்துல இன்னா கீதுன்னு சொல்றே, பொண்டாட்டி பேப்பர் பாக்கத் தெரியாதா?"

"இது வேற மே."

அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். கல்லில் தோசை இருந்தது. திருப்பப் போய்விட்டாள்.

டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நாள் கொடுத்திருந்தார்கள். அந்த வாரத்தை எப்படிக் கடந்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கம்பெனியில் வெளிச்சப் பெட்டியைப் போட்டால் எல்லா ஃபிலிமிலும் கொத்துக் கொத்தாகப் புள்ளி தெரிந்தது. நண்பர் என் கையிலிருந்த ஃபிலிமை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னா தலைவா, நல்ல பீசையெல்லாம் ரிஜெக்ட்டு போட்டுக்கினு கீற? தண்ணி கிண்ணி அடிச்சிட்டு வந்தியா?" என்றார். நான் தண்ணி அடிக்கிறவன் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அப்படிக் கேட்டார். கேட்டதும் நான் உடைந்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கேன்டீனுக்குப் போனபிறகு, சட்டைக்குள் வைத்திருந்த அந்தக் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். அவர் ரூம் லைட்டை அணைத்து, வெளிச்சப் பெட்டியைப் போட்டார். என் மனைவியின் சதைப் படத்தை அதன்மேல் வைத்தோம். இரண்டு பேரும் குனிந்தோம். பழக்கம் விடவில்லை, பூதக்கண்ணாடியையும் எடுத்துவிட்டார். அடிப்பக்கத்திலிருந்து வெளிச்சம் ஏறியதும் புள்ளிகள் இன்னும் கறுப்பாகத் தெரிந்தன.

"கொத்தா கீது," என்றார்.

"ஆமா."

"இங்க கீது. இங்கியும் கீது. நடுவுல..."

"நடுவுலயும்தான்."

பூதக்கண்ணாடியை வைத்துவிட்டார். எப்பவும் வாய் ஓயாத ஆள். "ஊட்ல சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவர் ஏதாவது மாற்றிச் சொல்வார் என்று நம்பித்தான் காட்டினேன். ஒரு ஃபிலிமில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம் வந்துவிட்டால், அப்புறம் மேனேஜரே வந்தாலும் மாற்ற முடியாது. அதுதான் எங்கள் செக்‌ஷன் பழக்கம். அன்றைக்கு அந்தப் பழக்கம் என் கழுத்தைப் பிடித்தது.

சாயந்தரம் வரும்போது மல்லிப்பூ வாங்கினேன். மறுநாள் பழவேற்காட்டு இறால். தொட்டியில் கிடந்த பாத்திரங்களை நான் கழுவினேன். அவள் தூங்கும்போது மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஒரே பையன், ஒசூரில் வேலை; அவனுக்கு போன் போட்டு, சும்மா ஒரு நடை வந்துட்டுப் போயேன்டா என்றேன். அவன் திருப்பி அவளுக்கே போன் போட்டுக் கேட்டிருக்கிறான், அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று.

ஞாயிற்றுக்கிழமை அவளை ஆர்.கே.பேட்டை பக்கம் அவள் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே அவர்களுக்கு நெல் நிலம். திருவள்ளூரில் இறங்கி, பஸ் மாறி, வெயிலில் போய்ச் சேர்ந்தோம். "வா மாப்ள, வழி தெரிஞ்சிதா?" என்றார் மச்சான். கடைசியாக எப்போது வந்தேன் என்று எனக்கே நினைவில்லை. அதைத்தான் அப்படிக் குத்தினார். நாட்டுக்கோழி அடித்தார்கள். என் மனைவி அண்ணியோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சிரிக்கும்போது தெரிகிற அந்தக் கோணல் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டதும் வரப்புப் பக்கம் நடந்தோம். நடவு முடிந்து தண்ணீர் கட்டியிருந்த கழனி. பம்புசெட்டு தாண்டியதும் அவள் நின்றாள்.

"எனக்கு இன்னா, வழியனுப்பு விழாவா நடத்திக்கினு கீற?"

"இன்னா மே பேசற?"

"பூ வாங்கியாறே. எறா வாங்கியாறே. பாத்திரம் கழுவறே. கல்யாணம் கட்டின நாளா எங்க அண்ணன் ஊட்டுக்கு வான்னா கால்ல முள்ளு குத்துன மாதிரி நிப்பே, இப்ப நீயே கூட்டியாறே. எனக்கு நாள் குறிச்சிட்டியா? சொல்லு, நானும் தெரிஞ்சிக்கறேன்."

சொன்னேன். புள்ளிகளைச் சொன்னேன், கொத்தைச் சொன்னேன், வெளிச்சப் பெட்டியைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. கீழே உட்கார்ந்து, தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டே இருந்தாள்.

பிறகு கையை உதறிவிட்டு எழுந்தாள். "டாக்டரம்மா வாயால வரட்டும். உங்க கம்பெனி ரூல்ஸ எடுத்தாந்து என் ஒடம்புல ஒட்டாத." பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்துகொண்டாள். தூங்கவில்லை. கண் திறந்தே இருந்தது.

டாக்டர், எங்கள் வயதுதான் இருக்கும், ஒரு அம்மா. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. வெளியே நாற்காலியில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஆரம்பாக்கத்துக்காரப் பெண்மணி, தெலுங்கு வாடையோடு, "பயப்படாத நைனா, இங்க வர்றவங்க எல்லாரும் பயந்தவங்கதான், தைரியமானவங்க ஊட்ல ஒக்காந்துகினு சாவறாங்க" என்றார். எனக்கு ஆறுதல் சொன்னாரா பயமுறுத்தினாரா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மா பக்கங்களைப் புரட்டினார். கடைசிப் பக்கம் மடங்கிக் கசங்கியிருந்ததைப் பார்த்து நிமிர்ந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"பாத்துட்டேன் மேடம். கொத்தா கீது. முழுக்கப் பரவிடுச்சு. ஊசி கீசின்னு போட்டு அவள வதைக்கணுமா? ஊட்டுக்கே கூட்டிக்கினு போயிடறேன்."

அவருக்குப் புரியவில்லை. "எது கொத்தா இருக்கு?"

படத்தில் விரல் வைத்துக் காட்டினேன். என் வேலை என்ன, நாங்கள் எப்படிப் பார்ப்போம், எதற்குச் சிவப்புப் பெயின்ட் அடிப்போம், எல்லாம் கொட்டினேன். நடுவில் அவர் பேச வந்தார், நான் விடவில்லை. என் மனைவி என் தொடையில் கிள்ளினாள்.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றார் டாக்டரம்மா. "நீங்க காட்டுற இந்தச் சின்னப் புள்ளி எதுவும் கேன்சர் இல்லை."

நான் படத்திலிருந்து விரலை எடுத்தேன்.

"கேன்சர் இதோ, பெருசா, வெளிறிப்போய், ஒழுங்கே இல்லாம இருக்கு பாருங்க, இது. நீங்க பார்க்கவே இல்லை இதை. கறுப்பா, குட்டியா, உருண்டையா இருக்கே, அதெல்லாம் இவங்க சொந்த ரத்தத்துல இருந்து வந்த செல். எதிர்ப்பு சக்தின்னு சொல்றோமே, அதுதான். கட்டி இருக்கிறதை அது கண்டுபிடிச்சிருக்கு. கண்டுபிடிச்சு உள்ளேயே போயிருக்கு."

"உள்ள போனா நல்லதா?" என்று என் மனைவி கேட்டாள்.

"எல்லாக் கேன்சர்லயும் ஒரே அர்த்தம் இல்லைம்மா. உங்களுக்கு வந்திருக்கிறது கொஞ்சம் வேகமான வகை. ஹார்மோன் மாத்திரைக்கு அடங்காது. ஆனா இந்த வகையில, கட்டிக்குள்ள இந்தச் செல் நிறைய இருக்கிறவங்க, இல்லாதவங்களைவிட மருந்துக்கு நல்லாக் கேக்கறாங்க. பின்னாடியும் நல்லா இருக்கிறவங்க அதிகம். சில பேருக்கு அது கட்டியைச் சுத்தி வெளியிலயே நின்னுடும், உள்ள போக முடியாது. சில பேருக்கு வரவே வராது. அப்படி இருந்தாதான் எனக்குக் கவலை."

என் மனைவி கொஞ்சம் யோசித்தாள். "நம்ம கடைக்கு வர்ற கும்பல் மாதிரி உள்ள பூந்து ஒக்காந்துக்கினு கீதுங்க. சரி மேடம், அதுங்க வேலை செய்யுதா, சும்மா எடத்த அடைச்சிக்கினு ஒக்காந்து கீதா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முகம் பழையபடி ஆனது. "அதுதான் தெரியாது. வந்து உக்காந்தும் களைச்சுப் போனது இருக்கும். மருந்து குடுத்துப் பார்த்தாதான் தெரியும். இது நல்ல அடையாளம்மா, ஆனா சத்தியம் பண்ணிக் குடுக்கிற அடையாளம் இல்லை. இது நிறைய இருந்தும் திரும்ப வந்தவங்களைப் பார்த்திருக்கேன். ஒண்ணுமே இல்லாம நல்லா இருக்கிறவங்களையும் பார்த்திருக்கேன். முதல்ல மருந்து, கட்டி சுருங்கினதும் ஆபரேஷன். நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்."

வெளியே வந்ததும் அவள் என்னைத் திட்டித் தீர்த்தாள். "இரும்பு படிச்ச மூஞ்சி! காப்பாத்த வந்தவன திருடன்னு புடிச்சிக் குடுத்துக்கீறான் பாரு! ஒரு வாரமா என்ன பாடையில வெச்சிப் பாத்துட்ட! அந்தக் கம்பெனிக்காரன் வேற, ரெண்டு பேரும் சேர்ந்து பூதக்கண்ணாடி வெச்சிப் பாத்தாங்களாம்!" ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை பேர் நடுவில் திட்டினாள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். நண்பருக்கு போன் போட்டேன். "அடச்சீ, பேஜாரு பண்ணிட்டியேபா, நான் மூணு நாளா சரியா சாப்பிடல," என்றார்.

பயம் அன்றோடு போயிருக்க வேண்டும். போகவில்லை, வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்னே இருந்தது தீர்ப்பு வந்துவிட்ட பயம். அதில் ஒரு மரத்துப்போன நிம்மதிகூட இருந்தது. இப்போது அவள் பிழைக்கலாம் என்று ஆகிவிட்டதே. இனிமேல்தான் இழப்பதற்கு ஒன்று இருக்கிறது. மின்சார ரயிலில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். எண்ணூர்ப் புகைக்கூண்டுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

மருந்து ஏற ஏற முடி கொட்டியது. அதற்கு அவள் அலட்டவில்லை. கர்ச்சீப் கட்டிக்கொண்டு கல்லுக்கு முன்னால் நின்றாள். நிற்க முடியாத நாளில் ஒடிசாக்காரப் பையன்களே கரண்டி பிடித்தார்கள். ஆனால் இரண்டாவது தடவை மருந்து ஏறிய அடுத்த வாரம், காலையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். தொட்டால் உடம்பு தோசைக்கல்லு மாதிரி கொதித்தது. காய்ச்சல் வந்தால் ஒரு நொடி நிற்காமல் வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுக் கார்தான். ஜி.என்.டி. ரோட்டில் காரனோடைக்கு இந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. டிரைவர் ஹார்ன் மேலேயே கையை வைத்திருந்தார். அவள் என் மடியில் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள். "கடை கேஸ அணைச்சிட்டியா?" என்று கேட்டாள். அணைத்துவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதையே கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

அவசர வார்டில் இருந்த இளம் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நோயை எதிர்க்கிற வெள்ளணு தரைமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்றார். கேன்சர் மருந்து கேன்சரை மட்டும் பார்த்து அடிப்பதில்லையாம், ரத்தத்தில் புதிதாக ஊறி வருவதையும் அடிக்குமாம். எனக்குத் தலைக்குள் ஒரே கேள்விதான்.

"சார், கட்டிக்குள்ள ஒக்காந்து இருந்துதே, நல்ல செல்லு. அதுவும் போயிடுச்சா?"

அவர் களைத்துப்போயிருந்தார். ஆனாலும் நின்று பதில் சொன்னார். "ரத்தத்துல குறைஞ்சது திரும்ப ஏறும், அதுக்கு ஊசி போட்டிருக்கோம். கட்டிக்குள்ள இப்ப என்ன நடக்குதுன்னு கேட்டா, எனக்குத் தெரியாது சார். இப்ப யாரும் பார்க்க முடியாது."

உள்ளே இருப்பதைப் பார்த்தே சோறு தின்கிறவன் நான். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவள் போர்வை ஏறி இறங்குவதை மட்டும் பார்க்க முடிந்தது. கடுகு மாதிரி இருந்த அந்தப் புள்ளிகளை ஒரு வாரம் சபித்திருந்தேன். இப்போது அவற்றிடம் கெஞ்சினேன். சாமியை விட்டுவிட்டு அதுகளிடம் பேசினேன் என்றால் சிரிப்பீர்கள். போயிடாதீங்க, இன்னும் கொஞ்ச நாள் இருங்க என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒருவர் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இறங்கியது ஏறியது. அவளும் எழுந்தாள். மற்ற மருந்துகளும் ஏறின. கட்டி கைக்குத் தட்டுப்படாமல் போனது. பிறகு ஆபரேஷன். மார்பிலிருந்தும் அக்குளிலிருந்தும் எடுத்ததை மறுபடி லேபுக்கு அனுப்பினார்கள். இந்த முறை கவரை நான் தொடவே இல்லை. நேராக டாக்டரம்மா மேசைக்கே வரச் சொல்லிவிட்டேன். அவர் படிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் மேசைமேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மார்புல கட்டி இருந்த இடத்துல வெறும் தழும்புதான்," என்றார். என் மனைவி என் கையைப் பிடித்தாள். "அக்குள்ல எடுத்த நெறிக்கட்டியில ஒண்ணுல மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கு. அதை எடுத்தாச்சு."

பிடித்த கை விடவில்லை. ஆனால் அதில் இருந்த பலம் போனது எனக்குத் தெரிந்தது.

"அப்ப அந்தப் புள்ளிங்க?" என்றேன்.

"நல்லாவே உதவியிருக்கு. பெரும் பகுதி போயிடுச்சே. முழுசா முடிக்கலை, அவ்வளவுதான். சில மாசம் கேன்சர் மருந்தையே மாத்திரையா தர்றேன். அப்புறம் விடாம செக்கப் வரணும். முதல் சில வருஷம்தான் நாம ரொம்பக் கவனமா இருக்கணும்."

"முடிஞ்சிடுச்சுன்னு சொல்ல மாட்டீங்களா மேடம்?" என்று அவள் கேட்டாள்.

"சொல்ல ஆசையாத்தான் இருக்கு," என்றார் டாக்டரம்மா.

அந்த மாத்திரைக்கு உள்ளங்கையும் பாதமும் உரியும் என்று முன்னாலேயே சொன்னார்கள். உரிந்தது. சிவந்து, எரிந்து, வெங்காயத் தோல் மாதிரி கழன்றது. கடையில் அவள் சூடானதைத் தொடக் கூடாது என்று ஆனது. முந்தாநாள் ரேஷன் கடைக்கு நானும் அவளும் போனோம். விரல் வைத்தால்தான் அரிசி. எப்பவும் அவள்தான் வைப்பாள். வைத்தாள். மிஷின் கீச்சென்று கத்தியது.

"விழலையேமா. தொடைச்சிட்டு வை," என்றார் கடைக்காரர்.

முந்தானையில் துடைத்து வைத்தாள். கத்தியது. அடுத்த விரல். அதுவும் கத்தியது.

"தலைல தேச்சிட்டு வைமா, எண்ண பட்டா விழும்," என்று வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னாள். எல்லாரும் செய்வதுதான். அவள் கை தன்னால் கர்ச்சீப்புக்குள் போனது. உள்ளே இப்போதுதான் முளைத்த முடி, எண்ணெய் ஏது? கையை வெளியே எடுத்து, விரல் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. கோடே இல்லை.

"ரேகையே இல்லியே. மிஷினு ஆளே இல்லன்னு சொல்லுது," என்றார் கடைக்காரர். வாய்தவறிய பேச்சுதான், பாவம். "என் வெரல வெச்சிக்கோங்க, நானும் கார்டுல கீறேன்," என்று முன்னால் போனேன்.

அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீ இருய்யா." கடைக்காரரிடம் திரும்பினாள். "கண்ணு பாக்கற மிஷினு குடுத்துக்கீறாங்க இல்ல, அத எடு."

"சார்ஜ் கீதான்னு தெரியலமா. அவரு வைக்கறாரே, அப்புறம் இன்னா..."

"எடுன்றேன்."

பின்னால் வரிசை முனகியது. கடைக்காரர் எங்கேயோ இருந்து அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்து, தூசி தட்டி, ஒயரைச் செருகினார். அவள் குனிந்து அதற்குள் கண்ணை விரித்தாள். இமை முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. சிமிட்டாதமா, அசையாதமா என்றார் அவர். அவள் அசையவில்லை. நானும் அசையவில்லை. அந்தப் பெட்டி எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்று தெரியாது. இதுவும் கத்திவிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு ஸ்கேன்.

"வந்துட்டாங்க," என்றார் கடைக்காரர். திரையில் அவள் பேர் வந்திருந்தது.

அவள் நிமிர்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, அவரைப் பார்த்துச் சொன்னாள்: "பாத்தியா? கீறேன்."

அரிசியை அளந்து கொட்டினார்கள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையால் கனம் தூக்கக் கூடாது, கொடு என்று பையை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. மற்ற கையால் பையின் ஒரு காதை அவள் பிடித்துக்கொண்டாள், இன்னொரு காதை நான் பிடித்துக்கொண்டேன். அப்படியே ரோட்டைத் தாண்டினோம்.